மூன்றாவது முனை

ஐஸ் உருகியிருந்தால் தண்ணீர் வந்திருக்க வேண்டும். மகுடேஸ்வரன் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தான். சிமெண்ட் தரை காய்ந்து கிடந்தது. தூசிகூட நனையவில்லை. ஆனால் எட்டு மாதமாக ஒரு விரற்கடைகூடக் கரையாமல் அந்தக் கூடத்தை அடைத்துக்கொண்டு நின்ற ஐஸில், நேற்று சாயங்காலம் வரை சுவர் போல வழவழவென்று இருந்த இடத்தில், இன்று காலை ஓர் ஆள் குனியாமல் நுழைகிற உயரத்துக்கு ஒரு துவாரம் இருந்தது.

அவனுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எட்டு மாதமாக எரிச்சல்தான் அவனுக்கு மூன்று வேளைச் சாப்பாடு. பல்லடம் தாண்டிக் குண்டடம் போகிற வழியில், சோளக்காட்டுக்கு நடுவே, தக்காளியும் வெங்காயமும் அடுக்கி வைக்க யாரோ கட்டிய குளிர்பதனக் கிடங்கு அது. ஊர்க்காரர்களுக்கு ஐஸ் கம்பெனி. ஓடாமல் மூடிக் கிடந்ததை, பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் போடலாம் என்று மகுடேஸ்வரன் வாங்கினான். அறுபதடி நீளம், நாற்பதடி அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது. பதினாலு மிஷினைத் தாராளமாக நிறுத்தலாம். மிஷின்கள் வருகிற புதன்கிழமை வந்து இறங்குகின்றன. கூடத்தில் ஐஸ் உட்கார்ந்திருக்கிறது.

கரண்டைத் துண்டித்து இரண்டு வருடம் ஆகிறது என்று யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். வாசல் பக்கம் பத்தடி ஆழத்துக்கு ஆள்விட்டுக் கடப்பாரையால் வெட்டி எடுத்தான். அதற்கு மேல் பகலில் வெட்டியது ராத்திரியில் திரும்ப வளர்ந்து நின்றது. உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டினான். சாயப்பட்டறையிலிருந்து பெரிய ஃபேன்களைக் கொண்டுவந்து வைத்து, சித்திரை வெயிலின் அனலை உள்ளே ஊதினான். ஃபேன்தான் எரிந்தது. வெட்ட வந்த பீகார் பையன்கள் மூன்றாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். ஃபோன் போட்டால், "நஹி சேட்" என்று மறுப்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்று அவன் மனைவி சொன்னபோது அவளோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தான்.

லாரிகள் வந்து நிற்கும் மேடையிலிருந்து நேராகக் கூடத்துக்குள் போகும் கனத்த கதவு. அதன் ஓரத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு எப்போதும் கிடக்கும். இவனுக்கு முன்னால் கொஞ்ச நாள் இந்த இடத்தில் கழிவுப் பஞ்சும் கழிவு நூலும் குவித்து வைத்திருந்த ஒரு வியாபாரியின் செருப்பு. "சாமானெல்லாம் போட்டுட்டு ஊருக்குப் போயிட்டாருங்க" என்று புரோக்கர் சொன்னார். செருப்பையும் போட்டுவிட்டு வெறுங்காலோடு எந்த ஊருக்குப் போவான் என்று மகுடேஸ்வரன் கேட்கவில்லை. வரும்போதெல்லாம் காலால் எத்தித் தள்ளுவதோடு சரி. இன்றும் எத்தினான். பிறகு ரத்தினசாமிக்கு ஃபோன் போட்டான்.

ரத்தினசாமி அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். சேவூர்ப் பக்கம், பின்னிய துணியைச் சுருங்காதபடி அழுத்தித் தரும் காம்பேக்டிங் பட்டறை வைத்திருக்கிறான். கனத்த உடம்பு, முழங்கால் வலி, ஓயாத வாய். ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு, கறி எடுத்து வைத்திருக்கிறது, வர முடியாது என்றான். மகுடேஸ்வரன் விடவில்லை. "பத்து நிமிசம்டா. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிரு. இதுக்குக்கூட வரமாட்டயா நீயி?" என்று கத்தினான். அப்படிக் கத்தி அழைத்தது தான்தான் என்பதைப் பிறகு அவனால் மறக்க முடியவில்லை.

செல்வக்குமாரை அழைக்கவே வேண்டியதில்லை; காதில் விழுந்தாலே வந்துவிடுவான். சங்கரன்கோவிலிலிருந்து பதினெட்டு வயதில் மகுடேஸ்வரனின் அப்பா கம்பெனிக்கு ஹெல்ப்பராக வந்தவன். இப்போது சொந்தமாக நாலு மிஷின் ஓட்டுகிறான். எந்த மிஷினும் அவன் கை வைத்தால் பேசும். துவாரத்தைப் பார்த்ததும் நேராக அதனிடம் போனான். கையை உள்ளே நீட்டிவிட்டு மெல்ல இழுத்துக்கொண்டான்.

"காத்து உள்ள இழுக்குண்ணே," என்றான்.

"இழுத்தா என்ன? பின்னாடி எங்கியோ ஓட்டை விழுந்திருக்குது. அந்தப் பக்கமிருந்து உருகுது. கடைசிச் சொவுரு வரைக்கும் போயிப் பாத்துட்டா எங்கிருந்து ஒடைக்கிறதுன்னு தெரிஞ்சிரும்."

"பத்து வருசமாக் காஷ்மீரு போலாம் காஷ்மீரு போலாம்னு சொல்லிட்டே இருந்த," என்றான் ரத்தினசாமி. "செலவில்லாம இங்கயே காட்டீட்டே பாரு, அங்கதான்டா நீ நிக்கறே."

மகுடேஸ்வரனின் காரில் எக்ஸ்போர்ட்டில் திரும்பி வந்த குளிர்ச் சட்டைகள் ஒரு மூட்டை கிடந்தன. கடுகு மஞ்சள் நிறம், தலைக்குத் தொப்பி வைத்தது. மூன்று பேரும் ஆளுக்கு ஒன்றை மாட்டிக்கொண்டார்கள். நாற்பது டிகிரி வெயிலில் மேடைமேல் மூன்று பேர் கம்பளிச் சட்டை போட்டு நிற்பதை ரத்தினசாமி ஃபோட்டோ எடுத்தான்.

"நூல் கட்டிட்டுப் போவம்ணே," என்றான் செல்வக்குமார்.

"அறுவது அடி ரூமுக்கு நூலா?"

"சொல்லுதத கேளுங்கண்ணே."

கேட்டான். காரிலிருந்து மகுடேஸ்வரன் முழு நூல் கோன் ஒன்றை எடுத்து, முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டினான். முப்பதாம் நம்பர் பருத்தி நூல், நிட்டிங்குக்கு மெழுகு ஏற்றியது, விரலில் வழுக்கிக்கொண்டு ஓடும். அப்படி ஒரு கோனைப் பிரித்து நீட்டினால் திருப்பூரிலிருந்து ஈரோடு போய்த் திரும்பிவிடலாம். அதை ஒரு துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டான். முன்னால் டார்ச்சோடு செல்வக்குமார், நடுவில் இவன், பின்னால் முனகிக்கொண்டே ரத்தினசாமி.

உள்ளே முதல் சில அடிகள் பழைய வெங்காய வாடையும் அமோனியா நெடியும் கலந்து மூக்கைக் குத்தின. பிறகு அந்த நெடி மெல்ல விலகி, ஈரப் பஞ்சைக் குவித்து மூடிவைத்த மாதிரி ஒரு புழுங்கல் வாடை வந்தது. இரண்டு பக்கமும் ஐஸ் பச்சையும் நீலமுமாக டார்ச் வெளிச்சத்தைக் குடித்து உள்ளே எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. சுவரில் கடப்பாரை பட்ட அடையாளம் இல்லை, உருகிய அடையாளமும் இல்லை. பாதை தொண்டைக்குள் போகிறாற்போல வளைந்து வளைந்து இறங்கியது. காலடிச் சத்தம் எதிரொலிக்காமல் அப்படியே அமுங்கியது. அதற்கு அடியில் ஒரு மெல்லிய இரைச்சல் இருந்தது. தூரத்தில் மிஷின் ஓடுகிற சத்தம். முப்பது வருடமாக மிஷினுக்கு நடுவில் நின்ற காதில் அது எப்போதும்தான் கேட்கும் என்று மகுடேஸ்வரன் அதை ஒதுக்கினான்.

அவன் காலடிகளை எண்ணிக்கொண்டே நடந்தான். இருபத்தைந்து காலடி வைத்தால் அறுபதடிக் கூடம் முடிந்தாக வேண்டும். நாற்பது வைத்தான். ஐம்பது வைத்தான். சுவர் வரவில்லை.

"அறுவதடின்னு அளந்துதானே வாங்குன?" என்றான் ரத்தினசாமி பின்னாலிருந்து.

"நடடா பேசாம."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் திரும்பியிருப்பார்கள். மகுடேஸ்வரனுக்குக் கோபம் வந்தால் கண் முன்னால் இருப்பது தெரியாது. புரோக்கர் அளவில் ஏமாற்றிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தான். அளவில் ஏமாற்றினால் இடம் குறையும், கூடாது என்கிற சின்னக் கணக்கு அந்த நேரத்தில் அவனுக்கு ஓடவில்லை. சாயங்காலத்துக்குள் கடைசிச் சுவரைப் பார்த்தே தீர வேண்டும். புதன்கிழமைக்குள் இதை உடைத்தே தீர வேண்டும். அது ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது.

எழுபத்தாறாவது அடியில் ரத்தினசாமி வழுக்கினான். விழாமல் சமாளித்தபோது அவன் கால் நூலின்மேல் ஏறி, மகுடேஸ்வரன் விரலில் ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று தளர்ந்தது.

"அத்துட்டயாடா!"

"நான் என்ன வேணும்னா பண்ணேன்? எருமையாட்டம் இழுத்துட்டு வந்துட்டு..."

"வெளிச்சத்தைக் காட்டு செல்வம். கெரகம், ஒரு வேலை ஒழுங்கா நடக்குதா."

குனிந்து தரையைத் துழாவினான். விரல் மரத்திருந்தது. ஓர் இடத்தில் நூல் முனை தட்டுப்பட்டது. நிட்டிங்கில் முதலில் சொல்லித்தருவதே முடிச்சுதான். ஓடுகிற கோனின் வாலை, காத்திருக்கும் கோனின் தலையோடு முன்கூட்டியே முடிந்து வைத்துவிட வேண்டும்; ஒன்று தீர்ந்தால் அடுத்தது தானாக ஓடும், மிஷின் நிற்காது. எந்த முனையையும் சும்மா விடக்கூடாது. பதினாறு வயதிலிருந்து அவன் விரல் அதைத்தான் செய்கிறது. கண் பார்க்க வேண்டியதில்லை. கையிலிருந்த முனையையும் தரையில் கிடந்த முனையையும் சேர்த்து, ஒரு சொடுக்கில் முடிந்தான்.

தரையில் கிடந்தது கொஞ்சம் சொரசொரவென்று இருந்தது. மெழுகு இல்லாத நூல். அது அவன் விரலுக்குத் தெரிந்தது. அவன் கோபம் அதைக் கேட்க நிற்கவில்லை.

இன்னும் நடந்தார்கள். "இன்னும் பத்து அடி" என்றான் மகுடேஸ்வரன். பத்து முடிந்ததும் மறுபடி பத்து. பாதை குறுகி, தோள் இரண்டு பக்கமும் உரசியது. காற்று முகத்தில் அடிக்கவில்லை, பின்னாலிருந்து முன்னுக்கு உறிஞ்சிக்கொண்டு போனது. கடைசியில் பாதை ஒரு முழ அகலத்துக்கு மேல் இல்லாத ஓட்டையாகி, அதற்கு அந்தப் பக்கமும் இருட்டு நீண்டது. டார்ச் மங்கி அணைந்தது. மகுடேஸ்வரன் ஃபோனை எடுத்து வெளிச்சம் போட்டான். காலையில் முழுதாக சார்ஜ் போட்டது பதினொரு சதவீதத்தில் நின்றது. குளிர் பேட்டரியைத் தின்கிறது.

"போதும்டா," என்றான் ரத்தினசாமி. முதல் தடவையாக அவன் குரலில் கேலி இல்லை. "எனக்கு மூச்சு முட்டுது. வெளிய போலாம்."

சுவரைப் பார்க்காமலே திரும்பினார்கள். அந்த ஏமாற்றத்தில் மகுடேஸ்வரனுக்கு அழுகையே வந்துவிடும் போல இருந்தது. கோன் பையை அங்கேயே இறக்கிவிட்டு, நூலை இடது கை விரல்களுக்குள் ஓடவிட்டுக்கொண்டே இப்போது அவன்தான் முன்னால் நடந்தான். ஓர் இடத்தில் முடிச்சு விரலில் இடறிப் போயிற்று. அவன் போட்ட முடிச்சு. இனி எழுபத்தாறு அடி, கதவு வந்துவிடும்.

நூறு அடி வைத்தான். கதவு வரவில்லை.

வெங்காய வாடையும் வரவில்லை. பஞ்சு வாடைதான் கூடிக்கொண்டே போயிற்று. பாதை ஏறுவதற்குப் பதில், வரும்போது கண்ணில் படாத ஒரு கிளையாகப் பிரிந்து இறங்கியது. நூல் தரையைவிட்டு மெல்ல எழும்பி, இடுப்பு உயரத்துக்கு வந்து, நேராகப் போய், ஐஸுக்குள் நுழைந்தது.

ஓட்டை இல்லை, விரிசல் இல்லை. கெட்டி ஐஸ். அதற்குள் நூல் ஒரு கோடாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. செல்வக்குமார் பிடித்து இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. வெளிச்சத்தை ஒட்டி வைத்துப் பார்த்தான். நாலடி ஆழத்தில், நூல் போய்ச் சேரும் இடத்தில், ஐஸ் கொஞ்சம் கறுத்திருந்தது. நிற்கிற ஆள் உயரத்துக்கு.

"அண்ணே, இது நம்ம நூல் இல்ல," என்றான் செல்வக்குமார். "கழிவு நூலு. பிசிறடிக்குது பாருங்க."

ரத்தினசாமி பின்வாங்கினான். பின்வாங்கிய வேகத்தில் கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். எழ முயன்றபோது முகம் கோணியது. கணுக்கால்.

"அவசரப்பட்டு வேற முனையைப் பிடிச்சு முடிஞ்சுட்டேன்," என்றான் மகுடேஸ்வரன். சொல்லும்போதே யார்மேலோ கோபம் வந்தது. யார்மேல் என்று பார்த்தால் தன்மேல்தான். "நம்ம முனை அங்கயேதான் கிடக்கும். நாங்க போயிக் கண்டுபிடிக்கறோம். நீ இங்கயே இரு. நூலை விட்றாதே. நான் ரெண்டு தடவ சுண்டுவேன். சுண்டுனா அப்படியே நூலைப் பிடிச்சுட்டே மெல்ல வா."

"என்னை இங்கீயா விட்டுட்டுப் போறே?"

"உன்னைத் தூக்கிட்டு நான் எங்கடா தேடறது!"

ரத்தினசாமி கணுக்காலைத் தடவிக்கொண்டான். பிறகு பழைய மாதிரி வாயைக் கோணிச் சிரித்தான். "போயிட்டு வெசையா வா. கறி ஆறிப் போகும்." தன் ஃபோன் வெளிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கறுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

முடிச்சு இருந்த இடத்துக்கு இரண்டு பேரும் ஏறக்குறைய ஓடினார்கள். செல்வக்குமார் மண்டியிட்டுத் தேடினான். அறுந்த முனை முடிச்சுக்கு ஒரு சாண் தள்ளித்தான் கிடந்தது. வழுவழுப்பான, மெழுகு ஏற்றிய, சொந்த நூல். ஒரு சாண். அந்த ஒரு சாணைக் கண்ணால் பார்த்திருந்தால் போதும். மகுடேஸ்வரன் அதைக் கையில் எடுத்தான்.

"அந்த முடிச்ச அறுத்துருங்கண்ணே. நம்ம நூல மட்டும் வச்சுக்கிட்டு, நான் போயி ரத்தினண்ணனத் தூக்கிட்டு வாரேன்."

"உன்ற ஃபோன்ல எவ்வளவு சார்ஜ் இருக்குது?"

"நாலு."

"என்னுதுல ரெண்டு. போறதுக்குள்ள அணைஞ்சிரும். அப்பறம் மூணு பேருமே இங்கதான்." பேச்சு அவன் வாயிலிருந்து தானாக வந்துகொண்டிருந்தது. "இதையும் அதுலயே சேத்து முடிஞ்சுருவேன். அங்கிருந்து கதவு வரைக்கும் ஒரே நூலாயிரும். அவன் பாட்டுக்குப் பிடிச்சுட்டே வந்துருவான். நாம முன்னாடி போயிக் கதவை முழுசாத் தொறந்து வச்சா வெளிச்சமும் வரும்."

நியாயமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் அவன் ஓடப் பார்த்தான். அந்தக் கறுப்பு நின்ற இடத்துக்குத் திரும்பிப் போக அவன் கால் மறுத்தது. அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. முடிச்சை அறுக்காமல், மூன்றாவது முனையையும் அதிலேயே சேர்த்து இறுக்கினான். எந்த முனையையும் சும்மா விடக்கூடாது.

இரண்டு தடவை சுண்டினான்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நூல் அதிர்ந்தது. ஒன்று. இரண்டு.

"வர்றன்டா, வர்றன்," என்று தூரத்தில் ரத்தினசாமி குரல் கேட்டது.

ஓடினார்கள். செல்வக்குமாரின் வெளிச்சம் முதலில் அணைந்தது. பிறகு இவனுடையது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே இருட்டு. நூல் மட்டும் விரலுக்குள் ஓடியது, வழுக்கிக்கொண்டு. அறுந்துவிடுமோ என்று அழுத்திப் பிடிக்கப் பயம், விட்டுவிடுவோமோ என்று தளர்த்தப் பயம். வெங்காய வாடை. அமோனியா. காலுக்கடியில் சிமெண்ட். கதவின் ஓரத்தில் வெயில் ஒரு கோடாக நின்றது.

கதவைத் தோளால் முட்டித் திறந்துகொண்டு மேடையில் வந்து விழுந்தார்கள். வெயில் அறைந்தது. வானம் வெளுத்துக் கிடந்தது, சோளக்காட்டில் ஓர் இலை அசையவில்லை, ரோட்டில் ஒரு மினி பஸ் பாட்டுச் சத்தத்தோடு போயிற்று. மகுடேஸ்வரனுக்கு அந்தப் பஸ்ஸைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. நூல் இன்னும் கையில் இருந்தது.

கதவை முழுக்கத் திறந்து கல்லை வைத்தார்கள். வெயில் உள்ளே போய், வெட்டிய பத்தடித் தரையைத் தாண்டி, துவாரத்தின் வாயில் நின்றது. அதற்கு மேல் போகவில்லை.

"ரத்தினம்!"

"வர்றன்டா." முன்னைவிடக் கிட்டத்தில். நொண்டி நொண்டி இழுத்துக்கொண்டு வரும் காலடி.

நூல் தளர்ந்தது. ஆள் வர வர நூல் தொய்யத்தானே செய்யும். தொய்ந்ததைத் தரையில் விடாமல் பழக்கத்தில் உள்ளங்கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். சுற்றிக்கொண்டே, வந்துவிட்டான், வந்துவிட்டான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். இனிமேல் இந்த இடமே வேண்டாம். மிஷினைத் திருப்பி அனுப்பிவிடலாம். இவன் வந்தால் போதும்.

விரலில் ஏதோ தட்டியது.

முடிச்சு. மூன்று முனைகளையும் சேர்த்து அவன் போட்ட முடிச்சு. உள்ளே எழுபத்தாறு அடியில் விட்டுவிட்டு வந்த முடிச்சு. அது அவன் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. கை நிற்கவில்லை. அடுத்து வந்தது சொரசொரவென்று இருந்தது. பிசிறு. ஈரம். வெயிலிலும் சில்லென்று.

செல்வக்குமாரும் பார்த்தான்.

"அது ஐஸுக்குள்ளல்லாண்ணே இருந்திச்சி," என்றான் மெதுவாக. "இழுத்தா வரலியே."

கழிவு நூல் வந்துகொண்டே இருந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. மறுமுனையில் அதை யாரும் இறுக்கிப் பிடித்திருக்கவில்லை. கூடவே வந்துகொண்டிருந்தார்கள்.

மகுடேஸ்வரனின் சட்டைப் பையில் நூல் வெட்டும் டிரிம்மர் இருந்தது. நிட்டிங்காரன் எவன் பையிலும் இருக்கும். எடுத்தான். நூலை அதன் வாய்க்குள் வைத்தான். அறுத்தால் உள்ளே இருப்பவனுக்கு வழி இல்லை. அறுக்காவிட்டால் உள்ளே இருப்பது எல்லாவற்றுக்கும் வழி உண்டு. விரலை அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

"அறுத்துருங்கண்ணே." செல்வக்குமார் அழுதுகொண்டிருந்தான். "அய்யோ, அறுத்துராதீங்கண்ணே."

"ஏன்டா மகுடு," என்றது ரத்தினசாமியின் குரல், துவாரத்துக்குச் சற்று உள்ளே. அவன்தான். அவனேதான். வலியிலும் அதே நக்கல். "இந்தச் செல்வத்தைக் கொஞ்சம் சும்மா வரச் சொல்லுடா. அங்கிருந்து என்ற தோளைப் பிடிச்சுட்டே வர்றான். கையா அது? ஐஸாட்டம் சில்லுங்குது."

செல்வக்குமார் மகுடேஸ்வரனின் பக்கத்தில், வெயிலில், நின்றுகொண்டிருந்தான்.

டிரிம்மர் கையிலிருந்து விழுந்தது.

முதலில் கடுகு மஞ்சள் சட்டை தெரிந்தது. ரத்தினசாமி ஒரு கையில் நூலைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நொண்டியபடி வந்தான். இவர்களைப் பார்த்துச் சிரித்தான். பிறகு இரண்டு பேர் நிற்பதைப் பார்த்தான். சிரிப்பு வாயிலேயே நின்றது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் இடது தோளில் ஒரு வெள்ளைக் கை இருந்தது. விரல்களில் கழிவு நூல் சுற்றியிருந்தது. அதற்குக் கீழே, காய்ந்த சிமெண்ட் தரையில், செருப்பில்லாத இரண்டு கால்கள். அந்த ஆளின் தோளிலும் ஒரு கை இருந்தது. அந்தக் கைக்குப் பின்னால் இருட்டுக்குள் இன்னொரு தோள், அதன்மேல் இன்னொரு கை. எல்லோரும் ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக, மெதுவாக, வெயிலை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

மகுடேஸ்வரனின் கை நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தது.